கட்டியக்காரர் வேலை தேடிய கதை

ஒரு சொல் இருக்கிறது.

பெரியவர் ஒருவர் அதை உரக்கச் சொன்னால் சபையே எழுந்து நிற்கும். சின்னப்பிள்ளை அதைச் சத்தமில்லாமல் செய்தால் தலையில் குட்டு விழும்.

என்ன சொல்?

அவசரமில்லை. யோசித்துக்கொண்டே கேளுங்கள். விடை தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டாம். அவரும் யோசிக்கட்டும்.

*

“அம்மா, எனக்குத் தெரிந்தது ஒரே தொழில். அது இனி வேண்டாமாம். நான் என்ன செய்வேன்?”

கேட்டவர் ஆவுடையப்பன். அவர் கேட்ட சத்தத்தில் சத்திரத்துக் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தன.

ஆற்றங்கரைச் சத்திரத்தை நடத்துகிறவர் உலகம்மை. வழிப்போக்கர்களுக்குச் சோறு போடுவது அவர் வேலை. சாப்பிட வருகிறவர்களில் சிலர் சந்தேகமும் கேட்பார்கள். அதற்கும் அங்கே பதில் கிடைக்கும் என்று ஊரில் பேச்சு. வயது என்னவோ ஆவுடையப்பனின் கடைசித் தங்கை வயதுதான்.

உலகம்மை காதைத் தேய்த்துக்கொண்டார்.

“என்ன தொழில் என்று நான் கேட்கவே வேண்டாம் போலிருக்கிறது. கட்டியமா?”

“கட்டியம்தான் அம்மா.”

கட்டியம் சொல்வது அரண்மனை உத்தியோகம். ராஜா சபைக்கு வரும்போது கட்டியக்காரர் முன்னால் நடப்பார். வெள்ளிப்பூண் போட்ட கம்பைத் தரையில் தட்டுவார். “பராக்! பராக்!” என்று கூவுவார். பிறகு ராஜாவின் பட்டங்களை ஒன்றுவிடாமல் அடுக்குவார். மூவாற்று முதல்வர், நான்மலை நாயகர், பகைவர் கண்ட இடி, புலவர் கண்ட மழை, இப்படிப் போகும். மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். நடுவில் இருமினால் அபராதம்.

பழைய ராஜா காலமானார். மகன் பட்டத்துக்கு வந்தார். சின்ன வயது, வேகமான நடை. முதல் நாள் சபைக்குக் கிளம்பியவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“இவர் எப்போது முடிப்பார்?” என்று மந்திரியைக் கேட்டார்.

“பாதி வந்துவிட்டார், பிரபு.”

“இவர் முடிப்பதற்குள் நான் போய் ஒரு வழக்கையே விசாரித்திருப்பேனே. என்னைப் பார்த்தால் ராஜா என்று தெரியாதா?”

அவ்வளவுதான். கட்டியக்காரர்கள், குடை பிடிக்கிறவர்கள், கவரி வீசுகிறவர்கள், சங்கு ஊதுகிறவர்கள், எல்லாருக்கும் நன்றி சொல்லி, ஆளுக்குக் கொஞ்சம் நெல் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆவுடையப்பனின் கம்பிலிருந்த வெள்ளிப் பூணைக் கருவூலத்தார் கழற்றிக்கொண்டார்கள். கம்பு அவருக்கு.

ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு வேலை போனால் ஊர் என்ன ஆகும்?

சங்கு ஊதினவர் கொல்லன் பட்டறைக்குப் போய் நின்றார். “நெருப்பு ஊத ஆள் வேண்டுமா?” “துருத்தி இருக்கிறதே ஐயா” என்றான் கொல்லன். கவரி வீசினவர்கள் பலகாரக் கடைகளில் ஈ ஓட்டக் கேட்டார்கள். “பலகாரம் வாங்கவே ஆளில்லை. ஈ வந்தாலாவது பேச்சுத்துணை ஆகும், ஓட்டாதீர்கள்” என்றார் கடைக்காரர்.

“நீங்கள் எங்கே முயற்சி செய்தீர்கள்?” என்று உலகம்மை கேட்டார்.

“உப்பு விற்கப் போனேன்.”

“நல்ல குரல். விற்றிருக்குமே.”

“இல்லை அம்மா. ‘பராக்! பராக்! கடலரசன் பெற்ற வெண்முத்து, அறுசுவைக்கும் சக்கரவர்த்தி, உப்பு வருகிறார்!’ என்று கூவினேன். ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். ஒருவரும் வாங்கவில்லை. ‘இவ்வளவு பெரிய இடத்து உப்பு நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று போய்விட்டார்கள்.”

உலகம்மை வாயைப் பொத்திக்கொண்டார்.

“சிரியுங்கள் அம்மா, பரவாயில்லை. அடுத்து, கல்யாணத் தரகரிடம் சேர்ந்தேன். மாப்பிள்ளைப் பையனைப் பற்றிப் பெண் வீட்டில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னேன்.”

“எத்தனை பட்டம்?”

“கொஞ்சம்தான் அம்மா. பையன் ஆடு மேய்க்கிறவன். ‘ஆயிரங்கொம்புப் படையின் அதிபதி’ என்று சொல்லிவிட்டேன். பெண்ணின் அப்பா கொல்லைப்புறமாக ஓடிப்போனார். ‘சண்டைக்காரக் குடும்பம், நமக்கு வேண்டாம்’ என்றாராம்.”

உலகம்மை இந்த முறை வாயைப் பொத்தவில்லை. சிரித்து முடிக்கிறவரை ஆவுடையப்பன் பொறுமையாக நின்றார்.

“வீட்டில் என்ன சொல்கிறார்கள்?”

ஆவுடையப்பனின் குரல் முதல் தடவையாக இறங்கியது.

“வீட்டில் மகள் மட்டும்தான். சொக்கி. தாய் இல்லாத பெண். எங்கள் அப்பா வாயைத் திறந்தால்தான் ராஜாவே உள்ளே வர முடியும் என்று தெருப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வேன்? தினமும் தலைப்பாகை கட்டுகிறேன். கம்பை எடுத்துக்கொள்கிறேன். ‘சபைக்குப் போய்வருகிறேன்’ என்று கிளம்புகிறேன். சாயங்காலம்வரை எங்காவது சுற்றிவிட்டுத் திரும்புகிறேன்.”

“ஊருக்கெல்லாம் தெரிந்தது அவளுக்குத் தெரியாதா?”

“அவள் எதையும் கவனிக்கிற பிள்ளை இல்லை அம்மா. அவள் உலகமே வேறு. குதிரில் நெல் இருக்கிறவரை சமாளித்துவிடலாம். அதற்குள் ஒரு வேலை கிடைத்துவிட்டால் அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவேன். உங்களிடம் சீடனாகச் சேர்ந்தால் வழி பிறக்கும் என்றார்கள்.”

“சீடர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு வாசலுக்குத்தான் ஆள் வேண்டும்” என்றார் உலகம்மை. “நான் அடுப்படியில் இருப்பேன். சாப்பிட யார் வருகிறார் என்று நீங்கள் வாசலில் நின்று சொல்ல வேண்டும். முடியுமா?”

“முடியுமாவா! அது என் பிறவித் தொழில் அம்மா.”

*

வெயிலில் ஒரு வழிப்போக்கர் வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். ஒரு காலைப் படியில் வைத்தார்.

ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். கம்பைத் தட்டினார்.

“பராக்! பராக்! திசை எட்டும் அளந்த திருவடி! வெயிலை வென்ற வீரர்! சத்திரத்துக்கு எழுந்தருளுகிறார்!”

உலகம்மை கரண்டியோடு வெளியே வந்தார். வாசலில் இருந்தது செருப்பு மட்டும்தான். செருப்புக்குரியவர் தூரத்தில், புளியந்தோப்பைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

“பாவம், பசியோடு போகிறார்” என்றார் உலகம்மை. “ஆள் எப்படி இருந்தார்?”

ஆவுடையப்பன் யோசித்தார்.

“நான் பார்க்கவில்லை அம்மா.”

“எதிரிலேதானே நின்றார்?”

“கட்டியக்காரன் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. தலைகளுக்கு மேலே பார்த்துத்தான் கூவ வேண்டும். அப்படித்தான் பழக்கம்.”

“இத்தனை வருஷம் பழைய ராஜாவுக்கு முன்னால் நடந்தீர்களே. அவருக்கு மீசை உண்டா?”

ஆவுடையப்பன் தலைப்பாகையைச் சொறிந்தார். முன்னால் நடக்கிறவர் திரும்பிப் பார்க்க முடியுமா?

“காசில் மீசை இருக்கிறது அம்மா” என்றார் கடைசியில்.

உலகம்மை அந்தச் செருப்பைத் தட்டி, ஓரமாக எடுத்து வைத்தார்.

“நாளையிலிருந்து நீங்கள் கூவ வேண்டாம். வாசலில் உட்கார்ந்து பராக்குப் பாருங்கள். போதும்.”

“என்ன அம்மா சொல்கிறீர்கள்? பராக்குப் பார்ப்பதா? என் மகளை நான் தினமும் குட்டுவதே அதற்குத்தான்! எருமை போனால் பார்ப்பாள், எறும்பு போனால் பார்ப்பாள். வாயைப் பிளந்துகொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். பராக் சொன்ன என்னைப் போய்ப் பராக்குப் பார்க்கச் சொல்கிறீர்களே!”

“ஏன், ஒரே சொல்தானே?” என்றார் உலகம்மை. அடுப்பில் ரசம் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடினார்.

*

முதல் நாள் ஆவுடையப்பன் வாசலில் உட்கார்ந்து பார்த்தார். அதாவது, அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் உலகம்மை கேட்டார்.

“யார் யார் வந்தார்கள்?”

“ஆட்கள் வந்தார்கள்.”

“எப்படிப்பட்ட ஆட்கள்?”

“வழிப்போக்கர்கள்.”

“சரி. நீங்கள் சாப்பிட உட்காருங்கள்.”

உலகம்மை இலை போட்டார். தண்ணீர் தெளித்தார். இலைக்கு எதிரே நின்றுகொண்டு, “சாப்பாடு” என்றார். கையைக் கட்டிக்கொண்டார்.

ஆவுடையப்பன் இலையைப் பார்த்தார். உலகம்மையைப் பார்த்தார். மறுபடியும் இலையைப் பார்த்தார்.

“இலையில் ஒன்றும் இல்லையே அம்மா.”

“சாப்பாடு என்று சொன்னேனே.”

“சொன்னீர்கள். ஆனால் சோறு?”

“ஓ, சோறு என்று தனியாக வேண்டுமா? குழம்பு?”

“குழம்பும் வேண்டும் அம்மா.”

“பொரியல்?”

“என்ன பொரியல் அம்மா?”

“அப்படிக் கேளுங்கள்” என்றார் உலகம்மை. பிறகுதான் பரிமாறினார். புடலங்காய்ப் பொரியல்.

சாயங்காலம் வந்த ஒருவரை ஆவுடையப்பன் தலையிலிருந்து கால்வரை பார்க்க முயன்றார். கண் வலித்தது. தலைகளுக்கு மேலேயே பார்த்துப் பழகின கண்ணைக் கீழே இறக்குவது லேசான காரியமா? முதலில் தலைகள் தெரிந்தன. பிறகு தோள்கள். தோளில் மூட்டைகள். சில நாள் போன பிறகு மூட்டையின் முடிச்சுகள் தெரிந்தன. அவசரமாகக் கட்டின முடிச்சு எது, அழுதுகொண்டே யாரோ கட்டிக்கொடுத்த முடிச்சு எது என்றுகூடத் தெரிய ஆரம்பித்தது.

ஒருநாள் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மெதுவாகப் பேசினார். உலகம்மைக்கு யார் பேசுகிறார் என்றே முதலில் தெரியவில்லை.

“அம்மா, ஒருவர் வருகிறார். வலது காலை ஊன்றவே பயப்படுகிறார். உள்ளங்காலில் முள் இருக்கும். சோறு அப்புறம் ஆகட்டும், முதலில் வெந்நீர் வேண்டும்.”

உலகம்மை வெந்நீர் கொடுத்தார். அன்று ஆவுடையப்பனின் இலையில் மட்டும் ஒரு கரண்டி பாயசம் கூடுதலாக விழுந்தது.

இன்னொரு நாள் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர் சாலையின் இந்த ஓரம், அவள் அந்த ஓரம். நடுவில் ஒரு வண்டி போகிற இடம்.

“அம்மா, இருவர் வருகிறார்கள். காலையிலிருந்து சண்டை.”

“தனித்தனிப் பந்தியில் போடவா?”

“வேண்டாம். அவர் நடையைக் குறைத்தால் அவளும் குறைக்கிறாள். செடி மறைக்கிற இடத்தில் அவர் எட்டிப் பார்க்கிறார். பக்கத்தில் பக்கத்தில் இலை போடுங்கள். அப்பளம் மட்டும் ஒன்றே ஒன்று வையுங்கள்.”

“யார் இலையில்?”

“இரண்டு இலைக்கும் நடுவில்.”

உலகம்மை அப்படியே செய்தார்.

அப்பளம் கொஞ்ச நேரம் தனியாகக் கிடந்தது. பிறகு அவர் அதை அவள் பக்கம் தள்ளினார். அவள் திரும்பி அவர் பக்கம் தள்ளினாள். மூன்றாவது தள்ளலில் அது உடைந்தது. பெரிய துண்டு எனக்கு, உனக்கு என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்த ஆவுடையப்பன் அவர்களைவிடப் பலமாகச் சிரித்தார். புறாக்கள் பறந்தன.

திரும்பிப் போகும்போது அவர்கள் சாலையின் ஒரே ஓரத்தில் போனார்கள்.

*

குதிரில் நெல் குறைந்துகொண்டே வந்தது. நெல் அளக்கிற மரக்காலை உள்ளே விட்டால் அடிப்பலகையில் இடிக்கிற சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் இன்னும் தினமும் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்பினார்.

அந்தச் சமயத்தில்தான் சிற்றம்பலம் வந்தார். அரண்மனையில் குடை பிடித்தவர். ஆவுடையப்பனோடு ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்.

“என்ன ஓய்! ராஜ வாசலில் நின்ற மனுஷர் சோற்று வாசலில் உட்கார்ந்திருக்கிறீர்?”

“வாரும் சிற்றம்பலம். இங்கே நல்ல காற்று.”

“காற்றைத் தின்று உயிர் வாழ்வீரா? விஷயம் தெரியுமா? மேலைக்கோட்டை ராஜாவுக்குப் பட்டம் என்றால் உயிராம். காலையில் பல் துலக்கப் போகும்போதுகூடக் கட்டியம் வேண்டுமாம். ஒரு கட்டியக்காரர், ஒரு குடைக்காரர் எடுக்கிறார்கள். நம் ஆட்கள் அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். உம் தொண்டைக்கு முன்னால் எவன் நிற்பான்? எழுந்து வாரும், போகலாம்.”

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார்.

மறுபடியும் வெள்ளிப்பூண்! சொக்கியிடம் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. ‘அப்பாவை மேலைக்கோட்டையில் கேட்கிறார்கள், மூட்டையைக் கட்டு’ என்றால் போயிற்று. பொய் சொன்னதே தெரியாமல் போய்விடும்.

உள்ளே ஓடினார்.

“அம்மா, மேலைக்கோட்டையில் கட்டியத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். போகட்டுமா?”

உலகம்மை அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“போங்களேன்” என்றார்.

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

“நான் அரிசியைப் பார்க்கிறேன். நீங்கள் வாசலைப் பாருங்கள். யார் வந்திருக்கிறார்?”

“சிற்றம்பலம்தான் அம்மா. குடைக்காரர்.”

“அது உத்தியோகம். ஆள் எப்படி இருக்கிறார்?”

ஆவுடையப்பன் வாசலுக்குத் திரும்பி வந்தார். சிற்றம்பலத்தைப் பார்த்தார். நெடுநாள் கூடவே நின்ற மனிதர். இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

கன்னம் ஒட்டியிருந்தது. வேட்டி கிழிந்த இடத்தை மடிப்பில் மறைத்திருந்தார். வலது கை மட்டும் தோளுக்கு மேலே தூக்கியபடி இருந்தது. விரல்கள் மூடியிருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை.

“சிற்றம்பலம், உம் கை ஏன் மேலே இருக்கிறது?”

“எந்தக் கை?”

“அந்தக் கைதான்.”

சிற்றம்பலம் திரும்பித் தன் கையையே பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அட, ஆமாம்!” என்றார். “அதுதான் தோள் இப்படிக் கழன்றுபோகிறதா! நான் குளிர்காற்று என்று நினைத்தேன்.”

கையை இறக்கினார். இறக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் வைத்தார். பிறகு முதுகுக்குப் பின்னால் வைத்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

வயிறு நிறையச் சாப்பிட்டார் சிற்றம்பலம். இரண்டு கையாலும் மோர் வாங்கிக் குடித்தார்.

“வருகிறீரா, இல்லையா?”

“நீர் போய்வாரும். உமக்குக் கிடைக்கட்டும்.”

சிற்றம்பலம் மேலைக்கோட்டைச் சாலையில் இறங்கினார். புளியந்தோப்புவரை கையைத் தொங்கவிட்டுத்தான் நடந்தார். தோப்பைத் தாண்டினதும் கை தானாக மேலே போயிற்று.

ஆவுடையப்பன் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு மெல்லத் தன் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

*

வெயில் சாய்ந்தது. சாலையில் தூரத்தில் ஒரு சின்ன உருவம் தெரிந்தது.

“யார் வருகிறார்?” என்று அடுப்படியிலிருந்து உலகம்மை குரல் கொடுத்தார்.



உலகம்மை வெளியே வந்தார். ஆவுடையப்பன் எழுந்து நின்றிருந்தார். தூணுக்குப் பின்னால் போகலாமா என்று பார்ப்பதுபோல இருந்தது அவர் நின்ற விதம்.

“யார் வருகிறார் ஐயா?”

“ஒரு சிறு பெண், அம்மா.” அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. “ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்திருக்கிறது. அவளே பின்னிக்கொள்கிறவள் போலிருக்கிறது. வேகமாக வரவில்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறாள். வழி கேட்கவில்லை. இந்த இடம் இருக்கிறது என்று தெரிந்துதான் வருகிறாள். என் மகள், அம்மா.”

உலகம்மை தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். தூணுக்குப் பின்னால் ஒளிய இடம் இல்லாமல் போயிற்று.

சொக்கி வந்தாள். முதலில் புறாக்களைப் பார்த்தாள். உலகம்மையைப் பார்த்தாள். அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, இதுதான் சபையா?”

ஆவுடையப்பனின் வாயில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. பட்டம் பட்டமாகக் கொட்டின வாய்.

“உனக்கு எப்போது தெரியும்?” என்றார்.

“முதல் நாளே தெரியுமே.”

“முதல் நாளேயா? யார் சொன்னார்கள்?”

“யாரும் சொல்லவில்லை. எப்போதும் சாயங்காலம் உனக்குத் தொண்டை கட்டியிருக்கும். மிளகுப்பால் கேட்பாய். அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.”

“இங்கே இருக்கிறேன் என்று?”

“உன்மேல் வாழையிலை வாசனை வந்தது. தினமும் வந்தது. தினமும் யார் வீட்டில் கல்யாணம் நடக்கும்? சத்திரத்தில்தான் தினமும் இலை போடுவார்கள்.”

உலகம்மை தூணில் சாய்ந்தபடியே ஆவுடையப்பனைப் பார்த்தார். எதையும் கவனிக்காத பிள்ளை என்று சொன்னது யார் என்று கேட்கிற பார்வை.

“தெரிந்தும் ஏன் கேட்கவில்லை, கண்ணு?”

சொக்கி தரையைக் காலால் கீறினாள்.

“நீ தினமும் அவ்வளவு கஷ்டப்பட்டுத் தலைப்பாகை கட்டினாயே அப்பா. எப்படிக் கேட்பேன்?”

ஆவுடையப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் தோள் குலுங்கத்தானே செய்யும்.

“இன்றைக்கு ஏன் வந்தாய்?”

“குதிரில் அடிப்பலகை தெரிகிறது. பக்கத்து வீட்டில் கடன் கேட்கலாம் என்று போனேன். ‘உங்கள் அப்பா இப்போது என்ன வேலை பார்க்கிறார்?’ என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் உன்னையே கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்தேன். என்ன சொல்லட்டும்?”

ஆவுடையப்பன் உலகம்மையைப் பார்த்தார்.

உலகம்மை உள்ளே போனார். ஒரு நெல் மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து, அவர் எதிரில் போட்டார்.

“இது எதற்கு அம்மா?”

“கூலி. வாசல் வேலைக்கு. மாதாமாதம் உண்டு. தருமச் சத்திரம் என்பதற்காக வேலைக்காரருக்குக் கூலி கொடுக்காமல் இருப்போமா?”

“வாசல் வேலை என்றால் என்ன வேலை?” என்று சொக்கி கேட்டாள்.

ஆவுடையப்பன் மூட்டையைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“பராக்குப் பார்க்கிற வேலை.”

சொக்கியின் வாய் பிளந்தது.

“பராக்குப் பார்க்கவா? அதற்கு மூட்டை நெல்லா? அப்பா! எனக்கு மட்டும் குட்டுத்தானே கொடுத்தாய்!”

உலகம்மை சிரித்த சிரிப்பில் இந்தத் தடவை புறாக்கள் இரண்டு சுற்றுச் சுற்றின.

*

மூட்டையைத் தூக்க வேண்டும். வெறுந்தலையில் மூட்டை நிற்காது, சும்மாடு வேண்டும்.

ஆவுடையப்பன் தலைப்பாகையை அவிழ்த்தார். சுருட்டினார். வட்டமாகச் சுற்றித் தலைமேல் வைத்தார். உலகம்மையும் சொக்கியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மூட்டையை ஏற்றிவிட்டார்கள். மூட்டை அசையாமல் உட்கார்ந்தது.

“இத்தனை வருஷத்தில் இந்தத் துணி இவ்வளவு சுகமாக என் தலையில் இருந்ததே இல்லை” என்றார்.

கம்பைச் சொக்கி எடுத்துக்கொண்டாள்.

சத்திரத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு இரண்டு வழி உண்டு. வயல் வரப்போடு போவது ஒன்று. அது கிட்டத்து வழி. கொக்குகளைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று அரண்மனை வீதி. அது சுற்று வழி. சபை கலைகிற நேரம் வேறு. மந்திரி முதல் வாயிற்காவலர்வரை, தெரிந்தவர்கள் எல்லாரும் வீதியில்தான் நிற்பார்கள்.

“எந்த வழியாகப் போகிறீர்கள்?” என்று உலகம்மை கேட்டார்.

தலையில் மூட்டை இருந்ததால் ஆவுடையப்பனால் திரும்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பி மகளைப் பார்த்தார்.

சொக்கி அரண்மனை வீதியைக் காட்டினாள்.